நாலாம் நம்பர் பஸ்ஸுக்கு ஒரு பூட்டு

அலுவலகத்தில் அவருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். எது உடைந்தாலும், யார் கத்தினாலும், "நிதானமா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போது இவர் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். இப்படி ஒருத்தர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. இவர்களை யாரும் மேடையேற்றிப் பாராட்டுவதில்லை. இவர்கள் விடுப்பு எடுக்கும் நாளில்தான் எல்லாம் கவிழ்கிறது.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். பள்ளி பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பெற்றோரின் போனில் காட்டுவதுதான் அவர்கள் தொழில். பஸ்ஸுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று அது சர்வருக்குச் சொல்லிக்கொண்டே வரும். அம்மாவோ அப்பாவோ போனைத் திறந்தால், போன் அந்த சர்வரிடம் "நாலாம் நம்பர் பஸ் எங்கே?" என்று கேட்கும், சர்வர் பதில் சொல்லும். கேள்வி வந்து பதில் போகும் அந்த வாசலுக்குத்தான் தொழிலில் ஏபிஐ என்று பெயர். நிதானம் அந்த வாசலைக் கட்டியவர்.

கட்டியது ஊருக்காக அல்ல, மனைவிக்காக. மகள் பள்ளியில் சேர்ந்த புதிது. மனைவிக்கு மருந்துக்கடையில் மதியம் வரை வேலை. கடையை விட்டு ஓடி வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றால் பஸ் வந்த பாடாக இருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும். ஒருநாள் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையை வீசி எறிந்துவிட்டு, "கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழறீங்களே, ஒரு பஸ் எங்க வருதுன்னு கண்டுபிடிக்கத் தெரியலையே!" என்றாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மகள் வரும் நாலாம் நம்பர் பஸ் டிரைவரைக் காக்காய் பிடித்து, ஒரு பழைய போனை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டவைத்து, ஒரே வாரத்தில் செய்து முடித்தார். இரண்டே போன்களுக்கான செயலி, அவருடையது ஒன்று, அவளுடையது ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு யார் பூட்டுப் போடுவார்கள்? பஸ் நம்பரைச் சொன்னால் போதும், யார் கேட்டாலும் பதில் வரும். பின்னால் முதலாளி அதைப் பார்த்துவிட்டு இதையே தொழிலாக்கினார். பள்ளிகள் சேர்ந்தன, பஸ்கள் சேர்ந்தன. வாசல் மட்டும் அன்று இருந்த மாதிரியே திறந்து கிடந்தது.

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அன்றைக்கு யார் யாரோடு சண்டை என்பதைச் சொல்லிக்கொண்டே இறங்குகிற பிள்ளை. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வரப் பிள்ளை இல்லை.

அடுத்த கல்வியாண்டுக்குப் பள்ளி அனுப்பிய மாணவர் பட்டியலை சர்வரில் ஏற்றியவர் நிதானம்தான். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. ஏற்றி முடிந்ததும் எந்தப் பிழையும் இல்லை என்று திரையில் வந்தது. அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் கிட்டே போகவில்லை. பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த பள்ளியின் பட்டியலைத் திறந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் வீட்டில் வாலுவின் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ஒருவர் எடுத்தால் அடுத்தவர் உடைந்துவிடுவாரோ என்று இருவருக்கும் பயம். கரண்ட் பில், குழாய் ஒழுகல், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்துவது என்று உலகத்தில் பேச எத்தனையோ இருக்கிறது. அவற்றைப் பேசியே காலத்தை ஓட்டினார்கள். வெளியே இருந்து பார்த்தவர்கள், தேறிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. வேலையற்ற எவனோ ஒருவன் அந்தத் திறந்த வாசலைக் கண்டுபிடித்துவிட்டான். எல்லாப் பள்ளி பஸ்களும் வரைபடத்தில் ஊர்ந்து போவதைக் காட்டும் ஒரு பக்கத்தை இணையத்தில் போட்டு, "பாருங்க, எவ்வளவு சுலபம்" என்று எழுதியும் வைத்தான். பெற்றோர்கள் பதறிப்போனார்கள். ஒரு தாய் அலுவலகத்துக்கே போன் போட்டு, "எம்பொண்ணு எந்த இடத்துல எறங்குவான்னு ஊருக்கே தெரியுதுங்க" என்று சொல்லி அழுதாள். தலைமை ஆசிரியை முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

முதலாளி வேர்க்க விறுவிறுக்க வந்தார். "நாளைக்கே பூட்டணும்."

"நிதானமா பாக்கலாம் சார்."

"நிதானமா பாத்துப் பாத்துத்தான்யா இத்தனை வருஷம் கதவைத் திறந்து போட்டிருக்கோம்!"

நிதானம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றே வேலையைத் தொடங்கினார்.

பூட்டு என்றால் ஒரு பூட்டு அல்ல, இரண்டு வாசல். முதல் வாசலில் "நீ யார்?" என்று கேட்க வேண்டும். போன் நம்பரைக் கொடுத்தால் அதற்கு ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொன்னால் சர்வர் ஒரு டோக்கன் தரும். அதன் பிறகு போன் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த டோக்கனைக் காட்டியாக வேண்டும். இரண்டாம் வாசலில் கேள்வி வேறு: "நீ யார் என்று தெரிகிறது, உனக்கு இந்த பஸ்ஸில் என்ன வேலை?" அந்த நம்பரின் பேரில் அந்த பஸ்ஸில் வரும் ஒரு குழந்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பதில், இல்லாவிட்டால் ஒரு செய்தியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்தச் செய்தியையும் அவர்தான் எழுதினார்: "மன்னிக்கவும். இந்த பஸ்ஸில் உங்கள் குழந்தை இல்லை." சுருக்கமாக, யாருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது என்று முதலாளி பாராட்டினார்.

பூட்டை மாட்டினாலும் உடனே சாத்துவது நிதானத்துக்குப் பிடிக்காது. அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதலில் பூட்டைச் சும்மா தொங்கவிடுவார். கேட்பவர் எல்லோருக்கும் பழையபடி பதில் போகும். ஆனால் பூட்டியிருந்தால் யார் யார் வெளியே நின்றிருப்பார்கள் என்று பதிவில் குறித்துக்கொண்டே வரும். பிறகு ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். "சொல்லாமக் கொள்ளாம மூஞ்சில கதவைச் சாத்தறது என்ன நாகரிகம்?" என்பார். எந்த பஸ், எந்த நேரம், செயலியின் எந்தப் பதிப்பு என்பதை வைத்துக்கொண்டு டிரைவர்களிடமும் பள்ளி அலுவலகத்திலும் விசாரிப்பார், பிறகு அவரே போன் போடுவார்.

பிடிபட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரகம். ஒரு பள்ளியின் வரவேற்பறையில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி ஒன்று. பேரன் வேறு பள்ளிக்கு மாறியது தெரிந்தும் பொழுதுபோகாமல் பழைய பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா. டிரைவர் ஒருவரின் மனைவி, தன் வீட்டுக்காரர் எங்கே வருகிறார் என்று பார்த்து அடுப்பைப் பற்றவைப்பவர். "இனிமே சூடா சாப்பாடு கெடைக்காதுன்னு அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

கடைசியாக ஒரு வரி மிஞ்சியது. நாலாம் நம்பர் பஸ். மதியம், பள்ளி விட்ட பிறகு. பள்ளி நடக்கும் நாள் ஒன்றுகூட விடாமல். செயலியின் பதிப்பைப் பார்த்தார். முதல் பதிப்பு.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் பதிப்பு இருந்தது இரண்டே போன்களில். தன்னுடையதிலிருந்து அதை அவர் எப்போதோ நீக்கிவிட்டார்.

பழைய பதிவுகளைத் தோண்டினார். மூன்று வருடமாக அந்த வரி இருந்தது. மதியம் ஆனால் வரும், பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனதும் நின்றுவிடும். வேலை முடிந்த பிறகும் அவள் தாமதமாக வீடு வருவது அவருக்குத் தெரியும். கடையில் கூட்டம் என்பாள், இவரும் தலையாட்டுவார். இப்போது புரிந்துவிட்டது என்று நினைத்தார். நிறுத்தத்தில் போய் நிற்கிறாள். பஸ் வருகிறது, பிள்ளைகள் இறங்குகிறார்கள், தன் பிள்ளை இறங்காத பஸ்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். திரை மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

மனுஷன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு திருட்டு வேலை செய்தார். அவள் நம்பர் வந்தால் இரண்டாம் வாசலில் எதுவும் கேட்காமல் விட்டுவிடு என்று ஒரு வரி எழுதி நடுவில் சொருகினார். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்ப்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள். நிரல்களைச் சோதிக்கும் பெண், அலுவலகத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பட்டம். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்டுபிடிப்பாள். மறுநாளே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சார், இந்த நம்பர் யாரோடது? இதுக்குக் கொழந்தையே இல்ல. ஆனா உள்ள விடுது."

"சோதனைக்கு வச்சதும்மா. எடுத்துடறேன்."

"சோதனைக்கு நம்மகிட்டதான் தனி நம்பர் இருக்கே சார்? நீங்கதானே சொல்லுவீங்க, ஒரு ஓட்டை விட்டாலும் அது பூட்டே இல்லன்னு."

சொன்னவர் அவர்தான். போனில் அழுத அந்தத் தாயின் குரலும் காதில் இருந்தது. பஸ்ஸில் வருவது ஊரார் பிள்ளைகள். தன் வீட்டுத் துக்கத்துக்காக அவர்கள் கதவில் ஓட்டை போட முடியாது. அந்தப் பெண்ணின் எதிரிலேயே அந்த வரியை அழித்தார். முகத்தில் ஈயாடவில்லை. சி.ஐ.டி.க்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், மேற்கொண்டு கேள்வி கேட்காமல் போய்விட்டாள்.

இனி ஒரே வழிதான், மனைவியிடம் சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்குப் போன் போட்டுச் சொன்னவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், அவள் மூன்று வருடமாக மறைத்து வைத்திருப்பதைத் தான் பார்த்துவிட்டதையும் சொல்ல வேண்டும். பார்த்தேன் என்றால் அடுத்து வாலுவின் பேச்சு வரும். வந்தால் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? ஒவ்வொரு நாளும் "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பார். அவள் நிமிர்ந்து பார்த்ததும் டிரைவர் மனைவி கதையைச் சொல்வார், தாத்தா கதையைச் சொல்வார். அவள் சிரிப்பாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராமல் மீதியை மென்று விழுங்கிவிடுவார்.

செய்தியையாவது மாற்றி எழுதலாமா என்று பார்த்தார். பல விதமாக எழுதிப் பார்த்தார். எப்படி எழுதினாலும் அர்த்தம் ஒன்றாகத்தான் இருந்தது.

அப்படியே பூட்டும் நாள் வந்துவிட்டது. காலையில் கதவைச் சாத்தினார்கள். ஒரு சிக்கலும் இல்லை. முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நிதானம் மட்டும் டீயைத் தொடாமல் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதியம் அந்த வரி வந்தது. நாலாம் நம்பர் பஸ், முதல் பதிப்பு. அனுமதிக்கப்படவில்லை, புதிய செயலியை இறக்கிக்கொள்ளவும் என்று போய்விட்டது.

விட்டுவிடுவாள் என்று நினைத்தார். விடவில்லை. கொஞ்ச நேரத்தில் புதிய செயலியிலிருந்து ஒரு நம்பர் பதிவானது, அவளுடைய நம்பர். ரகசிய எண் போயிற்று. சரியாகத் திருப்பிச் சொன்னாள். டோக்கன் கிடைத்தது. முதல் வாசலைத் தாண்டிவிட்டாள். தான் கட்டிய படிகளில் அவள் ஒவ்வொன்றாக ஏறி வருவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாசலில் அந்தச் செய்தி போயிற்று. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே செய்தி. மறுபடி கேட்டாள்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார். நிதானம் ஓடியதை டயர் கடைக்காரர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது.

"நான் சொல்லியிருக்கணும்மா" என்றார், வாசலில் நின்றபடியே. "அந்தச் செய்திய..."

"படிச்சேன். எனக்குத் தெரியாததையா எழுதியிருக்கு?" குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னீங்க. தெனமும் வந்து கதை கதையாச் சொன்னீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"தைரியம் வரல. நீ அங்க போயி நின்னு பஸ்ஸப் பாக்கறது எனக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றது?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "பாக்கறதுக்கா? பாக்காம இருக்கறதுக்குத்தாங்க."

அவருக்குப் புரியவில்லை.

"கடையிலேந்து வர்ற வழியிலதானே அந்த ஸ்டாப்பு இருக்கு. பஸ்ஸு தாண்டிப் போயிடுச்சான்னு பாத்துட்டுத்தான் நான் கெளம்புவேன். அது வரைக்கும் மருந்து அட்டையெல்லாம் அடுக்கிக்கிட்டு இருப்பேன். ஒருநாள்கூட நான் அந்தப் பிள்ளைங்களப் பாத்ததில்ல. இன்னைக்குக் கடை மொதலாளி ஷட்டர இழுக்க ஆரம்பிச்சுட்டாரு. பஸ்ஸு எங்க இருக்குன்னே தெரியல. போயிருக்கும்னு நெனச்சு நடந்தேன். நான் ஸ்டாப்புக்கிட்ட வரேன், அது திரும்புது."

நிதானம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடப் பதிவுகளை வரி வரியாகப் படித்தவர். எந்த நேரம், எந்த பஸ், எந்தப் பதிப்பு என்று எல்லாம் அதில் இருந்தது. எதற்காக என்பதை அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவே இல்லை.

"டிரைவரு என்னையப் பாத்துட்டு வண்டிய நிறுத்திட்டாரு. பாவம், அவருக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நம்ம வாலு பக்கத்துல ஒக்காருமே ஒரு பொண்ணு, ரெண்டும் சேந்து எறங்கி கத்திக்கிட்டே வருமே, அவ எறங்கினா. என்னையத் தெரிஞ்சுக்கிட்டா. 'ஆன்ட்டி'ன்னு கையப் புடிச்சுக்கிட்டா."

அவள் குரல் முதல் முறையாக உடைந்தது.

"எனக்கு நம்ம வாலு இன்னும் அதே அளவுதாங்க இருந்தா. கண்ண மூடினா என் இடுப்புக்கிட்ட நிப்பா. இத்தன நாளா அப்படியேதான் வச்சிருந்தேன். அந்தப் பொண்ணு எப்படி வளந்துட்டா தெரியுமா?"

வாலு என்ற பெயர் அந்த வீட்டில் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. நிதானம் வாய்விட்டு அழுதார். அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் கேட்டார்.

"எவ்வளவு இருக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். யோசித்துப் பார்த்து, உள்ளங்கையைத் தன் தோளுக்குச் சற்றுக் கீழே நீட்டிக் காட்டினாள். பிறகு, இல்லை என்று, இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தினாள்.